கடன் பணம் சம்பளமாகாது
(தோட்டக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பிள்ளைக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது என்ற சேதி வந்தால் லயமே கொண்டாடுகிறது. கொண்டாட வேண்டியதுதான். ஆனால் அடுத்த வாரமே தகப்பனார் வட்டிக்காரன் வாசலில் நிற்கிறாரே, அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறோம்.

2025 முதல் சட்டப்படி குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. அதற்கு மேல் கையில் நிற்பது பாலின் எடையைப் பொறுத்தது. அரசாங்கப் பல்கலைக்கழகங்கள் புது மாணவரைச் சேர்ப்பதோ பெரும்பாலும் ஆண்டின் பிற்பகுதியில். அப்போதுதான் மழை பிடிக்கும். பட்டை நனைந்தால் வெட்டு இல்லை. மழை விட்டதும் இலையுதிர்வு வந்து பால் சுருங்கிவிடும். ஆக, பிள்ளையின் முதல் பருவம் நமக்குக் கை காய்ந்த காலம்.

பி.டி.பி.டி.என். கடன் நிதி 1997-இல் ஏற்பட்டது. ஏழை வீட்டுப் பிள்ளைக்குப் பெரிய துணை, மறுக்கவில்லை. ஆனால் மனு, ஒப்பந்தம் எல்லாம் முடிந்து பணம் வர வாரங்கள் ஆகும். பதிவுக் கட்டணமும் விடுதியும் பஸ் செலவும் அதுவரை காத்திருக்குமா? நான்காம் படிவத்திலேயே தொடங்கி மாதம் 50 வெள்ளி போட்டால் மூன்றாண்டில் 1,800 சேரும்.

பிறகு ஒரு பருவத்துப் பணம் மொத்தமாக வந்து விழும். நமக்குத் தெரிந்த பையன் ஒருவன் அதில் மோட்டார் சைக்கிளுக்கு முன்பணம் கட்டினான். வீட்டுக்கும் ஒரு பங்கு அனுப்பினான். நல்ல மனசுதான். தேர்வு மாதத்தில் அவனுக்கு மூன்று வேளையும் மெகி மீ. வீட்டில் கேட்கக் கூச்சம். இரண்டாம் பருவத்துக்கு அவன் போகவில்லை. கடன் மட்டும் நிற்கிறது, ஆண்டுக்கு 1 விழுக்காடு சேவைக் கட்டணத்தோடு.

பணம் விழுந்த அன்றே கட்டணத்தைக் கட்டிவிட்டு, மிச்சத்தை வாரக் கணக்கில் பிரிக்கச் சொல்லுங்கள். பாடம் 14 வாரம் என்பார்கள். விடுமுறை, தேர்வு சேர்த்து 18 என்று வையுங்கள். மிச்சம் 1,440 என்றால் வாரத்துக்கு 80 வெள்ளி. தீபாவளி முன்பணம் வாங்கி மறுமாதம் முழிக்கும் நமக்கு இந்தக் கணக்கு புரியாததல்ல! பெற்றோரும் அந்தப் பணத்தில் பங்கு கேட்கக் கூடாது.

கிராணிமார்களே, கடன் மனுவில் குடும்ப வருமானத்தைக் காட்ட வேண்டும். சம்பளச் சீட்டைத் தொலைத்தவர் நம்மில் பலர். நகல் கேட்டு வந்தால் "நாளைக்கு வா" என்று அனுப்பாதீர்கள். மனுவுக்குக் கடைசித் தேதி உண்டு. ஞாயிறு மாலை கிளைச் செயலாளர் வீட்டில் கணினியில் மனு போட்டுத் தர இருவர் இருப்பார்கள். அடையாளக் கார்டையும் சம்பளச் சீட்டையும் எடுத்துக்கொண்டு பிள்ளையோடு வாருங்கள்.