வாலோடு வரும் வினைச்சொற்கள்

சப்பிரகமுவ மாகாணத்தில், பலாங்கொடை, இறக்குவானைத் தேயிலை மலைகளாயினும், எட்டியாந்தோட்டை, தெகியோவிட்டை இறப்பர்த் தோட்டங்களாயினும், ஆங்கிலம் பெரும்பாலும் கந்தோர்க் கடிதத்தின் உருவிலேயே லயத்துக்குள் நுழைந்தது. அதைப் படித்துப் பொருள் சொல்லும் பொறுப்பு, பள்ளி செல்லும் பிள்ளையின் தலையில் விழுந்தது. அகராதியைப் புரட்டினால் 'டேர்ன்' என்பது திரும்புதல். 'அவுட்' என்பது வெளியே. இரண்டையும் கூட்டினால் 'வெளியே திரும்பு' என்றாகும். கடிதத்தின் கருத்து அதுவன்று.

வினைக்குப் பின்னே ஒட்டும் இந்தச் சிறு சொல் பொருளையே மாற்றிவிடும். காலையில் பிரட்டுக்களத்தில் இத்தனை பேர் 'டேர்ன் அவுட்' ஆயினர் என்றால், வேலைக்கு வந்தனர் என்பது பொருள். தொழிற்சாலை இத்தனை இறாத்தல் தேயிலையை 'டேர்ன் அவுட்' செய்தது என்றால், உற்பத்தி செய்தது. ஒரு குடும்பத்தை 'டேர்ன் அவுட்' செய்க என்றாலோ, லயக் காம்பராவிலிருந்து வெளியேற்றுக என்பதாகும்! செயப்படுபொருள் உண்டா, உண்டாயின் அது சரக்கா, ஆளா என்று பார்த்தே பொருள் கொள்ளவேண்டும்.

இது தமிழருக்குப் புதிதன்று. பேர், போடு என்னும் இரு சொற்களையும் அறிந்த யாழ்ப்பாணத்தார் ஒருவருக்கும், 'அரைப்பேர் போட்டார்கள்' என்று தோட்டத்தில் சொன்னால் விளங்காது. அரைநாட் கூலியே பதியப்பட்டது என்பதைக் கொழுந்தெடுப்பவளே அறிவாள். அந்த அறிவிலிருந்தே ஆங்கிலத்தைத் தொடங்கலாம். சின்னத்துரைமார் தமிழ் கற்க 19ஆம் நூற்றாண்டிலேயே 'இங்கே வா' என்ற பெயரில் ஒரு கைந்நூல் அச்சாயிற்று. ஏவுவதற்கு வேண்டிய தமிழ் அவர்களுக்குக் கிடைத்தது. கடிதம் படிப்பதற்கு வேண்டிய ஆங்கிலத்தைத் தொழிலாளிக்கு யார் சொல்லிக்கொடுத்தார்?

'பே ஓஃப்' என்பதையும் பார்க்கலாம். கடனை 'பே ஓஃப்' செய்தல், முழுதும் தீர்த்தல். ஆளை 'பே ஓஃப்' செய்தல், கணக்குத் தீர்த்து வேலையினின்று நீக்குதல். முன்னாளில் இவ்விரண்டும் ஒரே தாளில் சந்தித்தன. தொழிலாளியின் கடனைச் செலுத்தினால் அவனை விடுவிப்பதாகத் துரை எழுதிக்கொடுத்த 'துண்டு' அது. புதிய தோட்டம் கடனைத் தீர்க்கும். பழைய தோட்டம் ஆளை விடும். 1921ஆம் ஆண்டுச் சட்டம் அம்முறையை ஒழித்தது.

சொல் நிற்கும் இடத்திலும் கவனம் வேண்டும். கடனைக் குறிக்கும் பெயர்ச்சொல் 'ஓஃப்' என்பதற்கு முன்னும் வரலாம், பின்னும் வரலாம். அதற்குப் பதிலாக 'இட்' என்ற சுட்டுப்பெயர் வந்தாலோ, இடையில்தான் நிற்கும். 'பே இட் ஓஃப்' என்பதே வழக்கு. 'பே ஓஃப் இட்' என்று எழுதுவது பிழை.