செவ்வாயில் ஓர் இல்லினாய் ஊர்



இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவை நிறுவிய பெருமகனார் ஒரே ஒரு நிபந்தனை விதித்துச் சென்றிருக்கிறார். ஆண்டுதோறும் ஓர் எழுத்தாளரை எடுத்துக்கொண்டு, அவரை அவருடைய ஊரோடு சேர்த்து வைத்துப் பேச வேண்டும். இவ்வாண்டு அறிவியல் புனைகதையைப் பற்றிப் பேசுகிறேன் என்றதும் அழைக்க வந்த நண்பர்கள் தயங்கினார்கள். விண்கலத்தில் ஏறிப் போகிற கதைக்கு ஊர் ஏது என்று கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அமெரிக்க எழுத்தாளர் ரே பிராட்பரியையும் அவர் பிறந்த வாக்கீகனையும் வைத்து அதற்கு விடை சொல்லப் பார்க்கிறேன்.

வாக்கீகன், அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், சிகாகோவுக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டரில், மிச்சிகன் ஏரிக்கரையில் இருக்கிறது. இன்றைக்கு ஏறக்குறைய 90,000 பேர் வாழும் ஊர். துறைமுகம், கம்பி ஆலை, படகு மோட்டார் தொழிற்சாலை, ரயில் தடங்கள் என்று உழைத்துப் பிழைத்த ஊர். 1920 ஆகஸ்ட் 22 அன்று பிராட்பரி அங்கே பிறந்தார். அப்பா கம்பம் ஏறிக் கம்பி இழுக்கும் லைன்மேன். அம்மா ஸ்வீடனிலிருந்து வந்தவர். குழந்தைக்கு நடுப்பெயராக டக்ளஸ் என்று வைத்தார்கள். அன்றைய ஊமைப்பட நாயகன் டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸின் பெயர் அது. சினிமா அந்த வீட்டுக்குள் எவ்வளவு தூரம் வந்திருந்தது என்பதற்கு இந்தப் பெயரே சாட்சி. மூன்று வயதில் லான் சேனி கூனனாக நடித்த படத்தைப் பார்த்துப் பிள்ளை மிரண்டுபோனான்.

நடிகர்களைப் பொறுத்தவரை அந்த ஊருக்குப் பெரிய பெயர் ஜாக் பென்னி. பிராட்பரிக்கு ஒரு தலைமுறை மூத்தவர். சிகாகோவில் 1894இல் பிறந்து, வாக்கீகனில் வளர்ந்து, அங்குள்ள அரங்கில் வயலின் வாசித்துத் தொடங்கி, வானொலியில் அமெரிக்கா முழுவதையும் சிரிக்கவைத்தவர். நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் வாக்கீகன் என்ற பெயரைக் கொண்டு சேர்த்தவர் அவர்தான். 1945இல் வந்த ‘தி ஹார்ன் புளோஸ் அட் மிட்நைட்’ என்ற மாயக்கற்பனைப் படத்தில், நள்ளிரவில் எக்காளம் ஊதி உலகத்தை முடித்துவைக்க அனுப்பப்படும் தேவதூதனாக நடித்தார். படம் ஓடவில்லை. உலகத்தின் முடிவை ஓர் இசைக்கலைஞன் கையில் கொடுத்த அந்தக் கற்பனை எனக்குப் பிடிக்கும். ஆனால் ஊரைத் தன் கலைக்குள் உட்காரவைத்தவர் பிராட்பரிதான் என்பதால் அவரிடமே திரும்புகிறேன்.

அந்த ஊரின் உடம்பைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். ஊருக்குக் குறுக்கே மரமடர்ந்த ஆழமான ஒரு பள்ளத்தாக்கு ஓடுகிறது. இரு கரையிலும் வீடுகள். விளக்கு வைத்துத் திண்ணையில் பேசிக்கொண்டிருக்கும் குடும்பங்களுக்கு நடுவே, சில எட்டு வைத்தால் காட்டு இருட்டு. சிறுவன் ரே அண்ணனோடு கார்னெகி நூலகத்துக்குப் போய்த் திரும்புகையில் அந்தப் பள்ளத்தைக் கடக்க வேண்டும். கையில் புத்தகம், முதுகில் பயம். 1950இல் எழுதிய ஒரு கதையில் லவீனியா என்ற பெண் இரவில் தனியே அந்தப் பள்ளத்துக்குள் இறங்கி ஒவ்வொரு படியாக எண்ணிக்கொண்டே ஓடுகிறாள். படிக்கிறவன் மூச்சு அடங்க நெடுநேரமாகும். 1962இல் வந்த ‘சம்திங் விக்கட் திஸ் வே கம்ஸ்’ நாவலில், தீய திருவிழாக் கூட்டத்திடமிருந்து தப்பும் பையன்கள் ஒளிந்துகொள்வதும் நூலகத்தில்தான். அங்கே இரவில் வேலை பார்க்கும் ஒரு தகப்பன் அவர்களைக் காக்கிறார். பிராட்பரியின் உலகத்தில் அபாயத்துக்கும் அடைக்கலத்துக்கும் நடுவில் இருப்பது ஒரு நடை தூரம். அந்தத் தூரம் வாக்கீகனில் அளந்தது.

அந்தத் திருவிழாக் கூட்டமும் ஊருக்கு வந்ததுதான். 1932இல், அவருக்குப் பன்னிரண்டு வயதாகும்போது, மிஸ்டர் எலக்ட்ரிகோ என்ற வித்தைக்காரர் மின்சாரம் பாயும் வாளால் அவரைத் தொட்டுச் சாகாவரம் கொடுப்பதுபோல வாழ்த்தினார். அதன் பிறகே தினமும் எழுதத் தொடங்கினேன் என்று பிராட்பரி வாழ்நாளெல்லாம் சொல்லிவந்தார். பெருமந்தக் காலத்தில் அப்பாவுக்கு வேலை போய், 1934இல் குடும்பம் லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் குடிபெயர்ந்தது. பையனுக்குப் பதின்மூன்று. கல்லூரி வாசலை அவர் மிதிக்கவில்லை. பள்ளி முடித்துத் தெருமுனையில் செய்தித்தாள் விற்றார், நூலகங்களில் படித்தார்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த கதைக்கு வருகிறேன். 1948இல் ‘மார்ஸ் இஸ் ஹெவன்’ என்ற பெயரில் வெளியாகி, 1950இல் ‘தி மார்ஷியன் கிரானிக்கிள்ஸ்’ நூலில் ‘மூன்றாம் பயணம்’ என்று சேர்ந்த கதை அது. 2000ஆம் ஆண்டு ஏப்ரலில் ஒரு விண்கலம் செவ்வாயில் இறங்குகிறது. கதவைத் திறந்தால் புல்தரை. பழங்கால அமெரிக்க வீடு. முகப்பில் பூந்தொட்டிகள். உள்ளே பியானோ மேல் ஒரு பழைய பாட்டின் இசைத்தாள். விண்வெளி வீரர்கள் காரணம் தேடித் தவிக்கிறார்கள். அதற்குள் ஒருவனுடைய தாத்தா பாட்டி வாசலில் வந்து நிற்கிறார்கள், செத்துப்போன தாத்தா பாட்டி. அவ்வளவுதான். ஆளாளுக்கு ஒரு வீடு, ஓர் அம்மா, ஓர் அணைப்பு. கலத்தைக் காவலின்றி விட்டுவிட்டு எல்லோரும் கலைந்து போகிறார்கள்.

கேப்டன் ஜான் பிளாக்குக்கு இறந்துபோன அண்ணன் கிடைக்கிறார். இரவு, சிறுவயதில் படுத்த அதே அறையில், அண்ணன் பக்கத்தில் படுத்திருக்கும்போதுதான் அவருக்கு உறைக்கிறது: நம் மனத்திலிருந்து நம் ஊரை எடுத்து நமக்கே காட்டி, நம் ஆயுதத்தைக் கீழே வைக்கச் செய்திருக்கிறார்கள். சத்தமில்லாமல் எழுந்து கதவுப் பக்கம் நடக்கிறார். எங்கே போகிறாய் என்கிறது அண்ணனின் குரல். தண்ணீர் குடிக்க என்கிறார். உனக்குத்தான் தாகமில்லையே என்கிறது குரல். மறுநாள் காலை வாத்தியக் குழு முன்னே செல்ல, அந்தப் போலி ஊரிலிருந்து பதினாறு சவப்பெட்டிகள் கல்லறைக்குப் போகின்றன.

இக்கதையில் இரண்டு சிறு விவரங்களைக் கவனியுங்கள். கேப்டன் 1920இல் இல்லினாயில் பிறந்தவர். பிராட்பரி பிறந்த ஆண்டு, பிறந்த மாநிலம். கலத்திலுள்ள தொல்லியலாளரின் பெயர் சாமுவேல் ஹிங்ஸ்டன். பிராட்பரியின் தாத்தாவின் பெயர் சாமுவேல் ஹிங்ஸ்டன் பிராட்பரி. தன்னையும் தன் தாத்தாவின் பெயரையும் கலத்தில் ஏற்றி அனுப்பி, சொந்த ஊரைக் காட்டிக் கொல்லவைத்திருக்கிறார்! இருபத்தெட்டு வயது இளைஞர் தம் ஏக்கத்தை இவ்வளவு கடுமையாக விசாரித்ததை எண்ணி நான் இன்னும் வியக்கிறேன். பிராட்பரியை ஊர்நினைப்பில் கரைந்தவர் என்று ஒதுக்குகிற விமர்சகர்கள் இக்கதையைச் சரியாகப் படிக்கவில்லை என்பது என் கருத்து.

அதே தாத்தா இன்னொரு விதமாகவும் செவ்வாய்க்குப் போனார். அமெரிக்கச் சுதந்திர நாளான ஜூலை 4 அன்று வாக்கீகன் வீட்டுப் புல்வெளியில் தாத்தாவும் பேரனும் நெருப்புக் கூண்டு விடுவார்கள். மெல்லிய வண்ணத்தாளில் செய்த கூண்டு, அடியில் ஒரு சிறு கிண்ணம், அதில் தீ. உள்ளே காற்று சூடாகிக் கூண்டு உப்பும்வரை இருவரும் ஓரங்களைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். பிறகு கையை எடுக்க வேண்டும். பையனுக்கு விட மனம் வராது. ரே சிறுபிள்ளையாய் இருந்தபோதே தாத்தா காலமாகிவிட்டார். 1951இல் எழுதிய ‘தி ஃபயர் பலூன்ஸ்’ கதையில், செவ்வாய்க்குச் செல்லும் பாதிரியார் பெரிக்ரின் மலைமேல் நீல ஒளியுருண்டைகள் மிதப்பதைப் பார்க்கிறார். தாத்தாவோடு விட்ட கூண்டுகள் அவருக்கு நினைவு வருகின்றன. அவற்றுக்கு ஆன்மா உண்டு என்று அவர் நம்புவதற்கு அந்த நினைவே அடிப்படை. அறுபது ஆண்டு கழித்து, 2012 ஜூனில் ‘நியூயார்க்கர்’ இதழின் அறிவியல் புனைகதைச் சிறப்பிதழில் அவர் எழுதிய கட்டுரையும் இந்தக் கூண்டைப் பற்றியதுதான். அந்த இதழ் கடைகளில் இருந்தபோதே, ஜூன் 5 அன்று, பிராட்பரி மறைந்தார்.

1957இல் வந்த ‘டேண்டிலயன் வைன்’ வாக்கீகனை ‘கிரீன் டவுன்’ என்று பெயர் மாற்றி, 1928ஆம் ஆண்டின் ஒரு கோடைக்காலத்தைச் சொல்கிறது. நாயகச் சிறுவனுக்கு டக்ளஸ் ஸ்பால்டிங் என்று பெயர். முதற்பாதி தம் நடுப்பெயர், பிற்பாதி அப்பாவின் நடுப்பெயர். அந்த ஊரின் துறைமுகமும் நிலக்கரித் துறையும் ரயில் தடங்களும் எவ்வளவு அசிங்கமானவை, இவர் ஏன் அதை எழுதவில்லை என்று ஒரு விமர்சகர் கேட்டார். பிராட்பரி 1970களில் எழுதிய முன்னுரையில் பதில் சொன்னார்: பார்த்தேன், ஆனால் ரயிலும் கரியும் சிறுவர்களுக்கு அசிங்கமில்லை. பதில் எனக்குப் பாதிதான் ஒப்புதல். அதே பத்தாண்டில்தான் அந்தத் துறைமுகச் சேற்றில் படகு மோட்டார் தொழிற்சாலையிலிருந்து வந்த பி.சி.பி. நச்சு கண்டுபிடிக்கப்பட்டது. அதைத் துப்புரவாக்கப் பல பத்தாண்டுகள் ஆயின. சிறுவனின் கண்ணுக்குத் தெரியாதது அந்த ஊரில் நிறைய இருந்தது.

தாம் எழுதிய அறிவியல் புனைகதை ‘ஃபாரன்ஹீட் 451’ ஒன்றே, மற்றவை மாயக்கதைகள் என்று பிராட்பரி சொல்வார். பெரியவர் சொல்லை இங்கே நான் ஏற்கவில்லை. 1971 நவம்பரில் மாரினர் 9 விண்கலம் செவ்வாயை நெருங்கிய வேளையில், கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழக மேடையில் வானியலாளர் கார்ல் சேகன், இலங்கையில் வாழ்ந்துவந்த எழுத்தாளர் ஆர்தர் கிளார்க் ஆகியோரோடு அவரும் அமர்ந்திருந்தார். கலம் போய்ச் சேர்ந்தபோது கோள் முழுக்கப் புழுதிப் புயல். புயல் அடங்கிப் படங்கள் வந்தபோது அவற்றில் வீடும் இல்லை, வாய்க்காலும் இல்லை. பிராட்பரியின் செவ்வாய் பொய்த்துவிட்டது என்று அன்று சொன்னவர்கள் உண்டு. அவருடைய கேள்வி வேறு. புதிய உலகத்தில் இறங்குகிறவன் முதலில் எதைப் பார்ப்பான், எதை நம்பிச் சாவான் என்று அவர் கேட்டார். தொலைநோக்கி அதற்கு விடை சொல்லாது. அந்தக் கேள்வி அறிவியல் புனைகதைக்குள் இல்லையென்றால் அந்த வகைமைக்குத்தான் நட்டம். கியூரியாசிட்டி ஊர்தி செவ்வாயில் இறங்கிய இடத்துக்கு 2012 ஆகஸ்ட் 22 அன்று, அவருடைய பிறந்த நாளில், பிராட்பரி பெயரை நாசா வைத்தது. விஞ்ஞானிகளுக்கு அவர் யாரென்று தெரிந்திருந்தது.

தம் சொந்தப் புத்தகங்களை அவர் வாக்கீகன் பொது நூலகத்துக்கு எழுதிவைத்துவிட்டுப் போனார். நம் கல்லூரி நூலகத்தில் ‘ஃபாரன்ஹீட் 451’ மட்டும் இருக்கிறது. ‘மார்ஷியன் கிரானிக்கிள்ஸ்’, ‘டேண்டிலயன் வைன்’ இரண்டையும் வாங்கித் தரும் பொறுப்பை நான் ஏற்றுக்கொள்கிறேன். மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள்: ‘மூன்றாம் பயண’த்தை முதலில் படித்துவிட்டு அப்புறம் ‘டேண்டிலயன் வைன்’ எடுங்கள். அவர் வெளியிட்ட வரிசையும் அதுதான். ஊரைக் கண்டு அஞ்சியவர் ஒன்பது ஆண்டு கழித்து அதே ஊரைத் தைரியமாக நேசித்தது எப்படி என்று அப்போது உங்களுக்கே பிடிபடும்.