படம் முடியும், வழக்கு முடியாது



படத்தில கொலைக்கு இரண்டரை மணி நேரத்தில் தீர்ப்பு வந்துவிடும். கைதட்டிவிட்டு லயத்துக்குப் போவோம். ஆனா நெசத்தில்?

2006 ஜனவரி 2ஆம் திகதி மாலை, இந்தத் திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். கைக்குண்டு வெடித்ததென்று முதலில் சொல்லப்பட்டது. பத்திரிகையாளர் சுகிர்தராஜன் எடுத்த படங்களோ துப்பாக்கிச் சூட்டுக் காயங்களைக் காட்டின. அதே மாதம் 24ஆம் திகதி அவரையும் சுட்டுக் கொன்றார்கள். சாட்சிகள் சிலர் பயந்து நாட்டைவிட்டே போனார்கள். 2019இல், சான்று போதாதென்று 13 சந்தேக நபர்களையும் நீதிமன்றம் விடுவித்தது.

சாட்சி இல்லாட்டி வழக்கு நிக்காது. லயத்தில் அடிதடி நடந்தா, "அவங்க குடும்ப விசயம்" என்று கதவைச் சாத்தாதீங்க. காயத்தை ஆஸ்பத்திரியில் காட்டுங்க. பொலிசில் முறைப்பாடு எழுதி, இலக்கத்தை வாங்கி வையுங்க. சாட்சி சொல்ல வர்றவரைத் தனியா விடாதீங்க.