கணிப்பொறிக்கு இலக்கணம் கற்பிக்கச் செல்லுங்கள்

(ஆராய்ச்சி, புத்தாக்க மாநாடொன்றைக் காணச் சென்னை செல்லவிருந்த கணிப்பொறியியல் மாணவரிடையே, புதுக்கோட்டை மாவட்டக் கல்லூரி ஒன்றில் ஆற்றிய உரை)



நீங்கள் கணிப்பொறியியல் பயில்கின்றவர்கள். யான் தமிழ் பயிற்றுவிப்பவன். மாநாடு காணப் போகும் நமக்கு இத்தமிழாசிரியர் என்ன சொல்லிவிடப் போகின்றார் என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். எண்ணுங்கள், எண்ணிய பின் யான் தரும் சிறு கணக்கொன்றைச் செய்து பாருங்கள்.

'குருகு' என்பது பறவையைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். அதனை இறுதியிலிருந்து படித்தாலும் குருகே. இவ்வாறு அமைவதை நம் முன்னோர் மாலைமாற்று என்றனர். திருஞானசம்பந்தர் இம்முறையில் ஒரு பதிகமே பாடியுள்ளார். இச்சொல்லை ஒருங்குறியில் தட்டி, தலைகீழாக்குமாறு எளிய நிரல் ஒன்றை எழுதுங்கள். குருகு வாராது! தாங்க எழுத்தின்றி உகரக்குறி ஒன்று முன்னே நிற்கும். நமக்கு மூன்றெழுத்தான சொல், பொறிக்கு ஆறு குறிகள்: ககரம், உகரக்குறி, ரகரம், உகரக்குறி, ககரம், உகரக்குறி. 'தமிழ்' என்னும் மூன்றெழுத்துச் சொல்லும் அதற்கு ஐந்தே.

இதற்குக் கரணியம் என்ன? மெய்யை அடிப்படையாகக் கொண்டு, அதனோடு உயிர் கூடி உயிர்மெய் பிறக்கும் என்பது தொல்காப்பிய நெறி. ஒருங்குறியோ அகரமேறிய ககரத்தை முதலில் வைத்து, அதன்மேல் புள்ளிக் குறியை இட்டு மெய்யைப் பெறுகின்றது. மகனை முன்னிறுத்தி அவனிடமிருந்து தாயைப் பிறப்பிப்பது போன்றதன்றோ இது! இந்திய மொழிகள் பலவற்றையும் ஒரே வார்ப்பில் அமைத்த 'இசுகி' என்னும் குறியேற்றத்தின் 1988ஆம் ஆண்டுப் பதிப்பைப் பின்பற்றியே 1991இல் வெளிவந்த ஒருங்குறி தமிழுக்கும் இடம் ஒதுக்கிற்று. தேவநாகரிக்குப் பொருந்திய அவ்வார்ப்பில் தமிழும் ஊற்றப்பட்டது.

வரிசையையும் நோக்குங்கள். நம் நெடுங்கணக்கில் றகரமும் னகரமும் இறுதியில் நிற்பன. அக்குறியேற்றத்திலோ நகரத்தை அடுத்து னகரமும், ரகரத்தை அடுத்து றகரமும் வைக்கப்பட்டன. ஆகவே குறியெண்ணை மட்டும் நம்பி அகரமுதலி தொகுப்பீராயின் பலாவுக்கு முன்னே பனை வந்து நிற்கும். நம் பள்ளிப் பிள்ளையும் செய்யாத பிழை இது!

இனி, தமிழறிவு உடனிருந்த இடத்தில் விளைந்ததைப் பாருங்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழிணையம் 99 மாநாடு கூடிற்று. அதன் பயனாக வந்ததே தமிழ் 99 விசைப்பலகை. பன்னீருயிர் இடக்கைப் பக்கம். பதினெண்மெய் வலக்கைப் பக்கம். ஆய்தத்தோடு 31 விசைகளே. இவற்றைக் கொண்டு 247 எழுத்தும் பெறலாம். ஙகரத்தை அடுத்துக் ககரத்தைத் தட்டினால் புள்ளி தானே விழுந்து 'ங்க' என்றாகும். ககரத்தை இருமுறை தட்டினால் 'க்க' என்றாகும். மெல்லினத்தின்பின் அதன் இன வல்லினம் வருதலும், வல்லினம் இரட்டித்தலும் தமிழின் இயல்பு என்று நாம் வகுப்பில் கற்பிக்கின்றோமே, அவ்விலக்கணமே அங்கு நிரலாயிற்று. இலக்கணம் தேர்வுக்கு மட்டுமே உரியது என்போர்க்கு இதனினும் விடை வேண்டுமோ?

எனவே, மாநாட்டுக்குப் போய்ப் பொறிகளைக் கண்டு வியந்து, துண்டறிக்கைகளைப் பையில் நிரப்பித் திரும்புவது போதாது. தேர்த் திருவிழாவிலும் அதனைச் செய்யலாம். ஒவ்வோர் அரங்கிலும் நின்று வினவுங்கள். இப்பொறி குருகைத் தலைகீழாக்குமா? பலாவையும் பனையையும் முறைப்படி வைக்குமா? செயற்கை நுண்ணறிவு அரங்கில் இன்னும் ஒன்று கேளுங்கள். பரவலாக வழங்கும் ஒருங்குறிச் சேமிப்பு முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட்டு. தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று. 'தமிழ்' என்னும் சொல்லுக்கே பதினைந்து பைட்டு. மொழி மாதிரிகள் சொற்களைத் துண்டாக்கியே கையாள்கின்றன. ஆங்கிலத்தை நோக்கி அமைந்த துண்டாக்கத்தில் தமிழ்ச்சொல் பல துண்டுகளாய்ச் சிதறும். துண்டு பெருகப் பெருகக் கணக்கிடும் சுமையும் கட்டணமும் பெருகும். தமிழில் வினவும் உழவன் பிள்ளை, ஆங்கிலத்தில் வினவுவோனினும் மிகுதியாக ஏன் கொடுக்க வேண்டும்? இவ்வினாவை நீங்கள் எழுப்பாவிடில் எவர் எழுப்புவார்?

முடிந்துபோனதற்கு என்ன செய்வது என்று சோர்வடைய வேண்டா. ஒருங்குறியில் ஏறிவிட்ட எழுத்துகளை இடம் மாற்றுவதில்லை என்பது அதன் உறுதியான நெறி. ஆயினும் அதன்மேல் கட்டும் நிரல் நம் கையில் உள்ளது. குறிகளைக் கூட்டித் தமிழ் எழுத்தாகவே எண்ணித் தரும் 'ஓப்பன் தமிழ்' போன்ற கட்டற்ற நிரல் தொகுப்புகளை ஆர்வலர்கள் ஆக்கியளித்துள்ளனர். புதியன சேர்க்கும் வாயிலும் அடைபடவில்லை. முந்திரி முதலான நம் பின்னக் குறிகளும் பழங்கணக்குக் குறிகளுமாக 51 குறிகள் 2019இல் ஒருங்குறியில் இடம்பெற்றன. பழந்தமிழ்ப் புள்ளியும் குறில் எகர ஒகரங்களும் பிராமிப் பகுதியில் 2021இல் சேர்ந்தன. நம் சித்தன்னவாசல் ஏழடிப்பட்டத்துக் கற்படுக்கையில் தமிழி எழுத்தைக் கண்டிருப்பீர்கள். அவ்வெழுத்து மரபுக்குரிய குறிகள் கணிப்பொறிக்குள் புகுந்தது முழக்கத்தாலன்று. கல்வெட்டும் ஓலையும் ஆய்ந்து, சான்று காட்டி, முறைப்படி முன்மொழிவு எழுதியவர்கள் இருந்தமையால் புகுந்தது.

2024 பிப்ரவரியில் சென்னையில் பன்னாட்டுக் கணித்தமிழ் மாநாட்டை அரசு நடத்திற்று. இத்தகைய மாநாடுகள் இனியும் கூடும். அங்கே தமிழ் மட்டும் அறிந்தவர் ஒரு பக்கமும், கணிப்பொறி மட்டும் அறிந்தவர் மறு பக்கமும் அமர்ந்திருந்தால் இடைவெளி அப்படியே கிடக்கும். இரண்டும் அறிந்தவராக நீங்கள் அமர வேண்டும். அதற்கு நன்னூல் எழுத்ததிகாரத்தை இப்பொழுதே எடுத்துப் படியுங்கள். ஐயம் எழுந்தால் என்னிடம் வாருங்கள். நீங்கள் நிரல் எழுதுங்கள், யான் நூற்பா சொல்கின்றேன். இவ்வாண்டு காண்போராய்ச் செல்கின்றீர்கள். அடுத்த முறை உங்கள் ஆக்கம் ஒன்றேனும் அங்கே காட்சிக்கு நிற்கட்டும். சென்று வருக!