இறுக்கிக் கட்டினால் ஓட்டம் கூடுமா?

(வாழப்பாடியில் ஓட்டப் பயிற்சி பெறும் வாலிபர்களிடையே பேசியதன் சாரம்)



நாம் ஓட்டக்காரரல்ல. பள்ளிக்கூடப் படிப்பும் நமக்கு அதிகமில்லை. அப்படிப்பட்டவருக்கு ஓட்டத்தைப் பற்றிப் பேச யோக்கியதை என்ன என்று நீங்கள் கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். நம்முடைய யோக்கியதை ஒன்றே ஒன்றுதான். யார் எதைச் சொன்னாலும் "அதற்கு ருஜு என்ன?" என்று கேட்டுப் பழகியவர்கள் நாம். அந்தக் கேள்வியை இன்று உங்கள் காலிலே மாட்டியிருக்கும் ஒரு துணியைப் பார்த்துக் கேட்கலாமென்றுதான் வந்திருக்கிறோம்.

காவலர் வேலைக்குப் பழகும் ஒரு வாலிபர் சென்ற மாதம் நம்மிடம் வந்தார். அவருடைய தாயார் பாக்கு உரிக்கும் கூலிக்குப் போகிறவர். பையன் கேட்டான் என்று கைமாற்று வாங்கி, ஆயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்து, தொடை முதல் கணுக்கால் வரை இறுக்கிப் பிடிக்கும் ஒரு கால்சட்டையை வாங்கிக் கொடுத்திருக்கிறார். கடைக்காரர் அதற்குக் 'கம்ப்ரெஷன்' என்று பெயர் சொன்னாராம். போட்டால் வேகம் கூடும், களைப்பு வராது, வலி மறுநாளே பறந்துவிடும் என்றும் சொன்னாராம். "அண்ணா, இது நிஜந்தானா?" என்று அவர் கேட்டார். வாங்குவதற்கு முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. ஆனாலும் கேட்டாரே என்று சந்தோஷப்பட்டோம்.

தோழர்களே, இந்தத் துணி முழுப் பொய்யல்ல. முதலில் அதன் நியாயத்தைச் சொல்லிவிடுகிறோம். காலுக்கு இறங்கிய இரத்தம் மறுபடி மேலே ஏறி இருதயத்துக்குப் போக வேண்டும். அதற்காக இரத்தக் குழாய்களுக்குள்ளே சிறு சிறு கதவுகள் இருக்கின்றன. நாம் நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி, ஒரு பம்பு போல இரத்தத்தை மேலே தள்ளுகிறது. நாள் முழுவதும் நின்று வேலை செய்கிறவர்களுக்கு அந்தப் பம்பு சரியாக வேலை செய்வதில்லை. கதவுகள் கெட்டு, நரம்பு புடைத்துச் சுருண்டு, கால் வீங்குகிறது. அவர்களுக்குக் கணுக்காலில் அதிகமாகவும் மேலே போகப் போகக் குறைவாகவும் அழுத்தும் காலுறையை வைத்தியர்கள் அளந்து கொடுக்கிறார்கள். அதனால் குணம் தெரிகிறது. அமெரிக்காவில் கான்ராட் ஜோப்ஸ்ட் என்ற ஒரு இஞ்சினீயர், தமக்கே அந்த நோய் இருந்தபடியால், தண்ணீருக்குள் நிற்கும்போது கால் சுகப்படுவதைக் கவனித்து, அதே மாதிரி அழுத்தும் காலுறையை 1950 வாக்கில் செய்தார். 1958-இல் ஜோசப் ஷிவர்ஸ் என்ற இரசாயன நிபுணர், ரப்பரைப் போல் நீண்டு சுருங்கும் ஸ்பான்டெக்ஸ் நூலைக் கண்டுபிடித்தார். இவையெல்லாம் அறிவின் வேலை. இவற்றை நாம் வணங்கவும் வேண்டியதில்லை, இகழவும் வேண்டியதில்லை.

ஆனால் நோயாளியின் காலுறை ஓட்டக்காரன் காலுக்கு எப்படி வந்தது? இங்கேதான் கவனிக்க வேண்டும். 2003-ஆம் வருஷம் லண்டன் மாரத்தானில் பாலா ராட்கிளிஃப் என்ற பெண்மணி 2 மணி 15 நிமிஷம் 25 விநாடியில் ஓடி உலக சாதனை செய்தார். அந்த அம்மையார் முழங்கால் வரைக்கும் காலுறை போட்டு ஓடுவதில் பேர் போனவர். உடனே "காலுறைதான் இரகசியம்" என்று ஜனங்கள் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அப்படியானால் 1960-இல் ரோமாபுரியில் எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா, காலில் செருப்புக்கூட இல்லாமல் ஓடி ஒலிம்பிக் மாரத்தானை ஜெயித்தாரே, வெறுங்கால்தான் இரகசியமா? நம்முடைய மதுரைப் பக்கத்து ரேவதி வீரமணி, கூலி வேலை செய்த பாட்டியிடம் வளர்ந்து, ஆரம்பத்தில் வெறுங்காலோடே ஓடிப் பழகி, 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக் வரை போனாரே, அதற்கு எந்தத் துணி காரணம்? ஜெயித்தவர் எதைப் போட்டிருந்தார் என்பது ருஜுவாகாது. ஜெயித்தவர் நெற்றியைப் பார்த்து, "அந்தக் குறிதான் ஜெயித்தது" என்று சொல்லுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

ருஜு என்றால், போட்டுக்கொண்டவர்களையும் போடாதவர்களையும் வைத்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தும் இருக்கிறார்கள். ஓட்டக்காரர்களை வைத்து நடந்த 32 பரிசோதனைகளை ஒன்றாகச் சேர்த்து 2016-இல் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. 400 மீட்டர், 5 கிலோ மீட்டர், 10 கிலோ மீட்டர், மாரத்தான் ஆகிய ஓட்டங்களில் ஓடி முடிக்கும் நேரம் சொல்லும்படியாகக் குறையவில்லை என்பதே அதில் கண்ட முடிவு. ஓடும்போது தசை குலுங்குவதால்தான் களைப்பு, அதைத் துணி தடுக்கும் என்றும் ஒரு வாதம் உண்டு. அமெரிக்காவில் ஒஹாயோ சர்வகலாசாலையார் 20 பேரைத் துணியோடு ஒரு நாளும், துணியில்லாமல் ஒரு நாளும் ஓடவிட்டுப் பார்த்தார்கள். குலுக்கம் குறைந்தது; களைப்புக் குறையவில்லை. அந்த ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்ததோ, அத்தகைய ஆடை விற்கும் நைக்கி கம்பெனி! பணம் கொடுத்தவனுக்குச் சாதகமில்லாத முடிவை வெளியே சொன்னார்களே, அதுதான் ஆராய்ச்சியின் யோக்கியதை.

சற்று யோசித்தால் காரணமும் விளங்கும். நின்றுகொண்டே இருப்பவருக்குப் பம்பு வேலை செய்யவில்லை. ஆகவே காலுறை உதவுகிறது. ஓடுகிறவருக்கோ பம்பு முழு வேகத்தில் வேலை செய்கிறது. ஓடுகிற மாட்டை உந்தித் தள்ளினால் வண்டி எத்தனை தூரம் முந்திவிடும்?

சரி, வலி? கடுமையாக ஓடிய மறுநாளும் அதற்கடுத்த நாளும் தொடையும் கெண்டைக்காலும் வலிக்கிறதே, அது லாக்டிக் அமிலம் தேங்குவதால் என்று பலர் சொல்லுகிறார்கள். அந்த அமிலம் ஓடி முடித்த ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் கழிந்துவிடுகிறது. மறுநாள் வலி, பழக்கத்துக்கு மிஞ்சி உழைத்த தசை நார்களில் உண்டாகும் நுண்ணிய சேதத்தால் வருவது. இந்த விஷயத்தில் துணிக்குக் கொஞ்சம் ஆதரவு இருக்கிறது என்பதை மறைக்காமல் சொல்லுகிறோம். போட்டுக்கொண்டவர்களுக்கு வலி சற்றுக் குறைவாயிருந்ததாகப் பல பரிசோதனைகள் சொல்லுகின்றன. மாரத்தான் ஓடிய 33 பேரை வைத்து ஆஸ்திரேலியாவில் செய்ததில், ஓட்டத்துக்குப் பிறகு 48 மணி நேரம் போட்டிருந்தவர்கள் இரண்டு வாரம் கழித்துச் சற்று அதிக நேரம் ஓடினார்கள். ஆனால் ஜப்பானில் டோஹோக்கு சர்வகலாசாலையைச் சேர்ந்தவர்கள் 19 பரிசோதனைகளை, 350 பேருடைய கணக்கை, சேர்த்துப் பார்த்து 2022-இல் வெளியிட்டதில், தசையின் பலம் திரும்புவதற்கு இந்தத் துணி உதவியதாகக் காணவில்லை.

வலி குறைகிறது, பலம் கூடவில்லை என்றால் என்ன அர்த்தம்? மருந்தைச் சோதிப்பவர்கள் ஒருவருக்கு மருந்தும் ஒருவருக்கு வெறும் மாவும் கொடுத்து, எது எவருக்கென்று தெரியாமல் வைக்கலாம். இறுக்கத்தை அப்படி மறைக்க முடியாது. போட்டவருக்குத் தெரிந்துவிடும். தெரிந்தால் நம்பிக்கை வந்துவிடும். நம்பிக்கை வந்தால் வலி கொஞ்சம் குறைந்தாற்போல் தோன்றும். தாயத்துக் கட்டினவனும் "எனக்குச் சுகமாயிருக்கிறது" என்றுதானே சொல்லுகிறான்? அவன் பொய் சொல்லவில்லை. காரணத்தைத்தான் தப்பாகச் சொல்லுகிறான். கோயில் கயிற்றைக் கேலி செய்துவிட்டு, விலைச்சீட்டு ஒட்டிய கயிற்றைக் காலில் கட்டிக்கொள்ளுவதா பகுத்தறிவு?

இது நம் ஊர்ப் பைத்தியம் மாத்திரமல்ல. அமெரிக்காவில் செம்பு கலந்த இறுக்க ஆடையைப் போட்டால் மூட்டு வலி தீரும் என்று விளம்பரம் செய்த டாமி காப்பர் என்ற கம்பெனியின்மேல் சர்க்காரின் வர்த்தகக் கமிஷன் 2015-இல் நடவடிக்கை எடுத்தது. கம்பெனி 13 லட்சத்து 50 ஆயிரம் டாலர் கட்டச் சம்மதித்தது. நம் பாட்டிமார் செம்புக் காப்புப் போட்டதைப் பார்த்துச் சிரித்தவர்கள், அதே செம்பு கால்சட்டையில் வந்தவுடன் பணத்தை எடுத்து நீட்டினார்கள்!

இன்னொரு எச்சரிக்கை. சர்க்கரை வியாதியுள்ளவர்களும், காலுக்கு இரத்தம் குறைவாகப் போகிறவர்களும் வைத்தியரைக் கேட்காமல் இதைப் போடக்கூடாது. கால் மரத்தாலோ, விரல் நீலம் பாய்ந்தாலோ எவரும் உடனே கழற்ற வேண்டும்.

அந்த வாலிபருக்கு நாம் என்ன சொன்னோமென்றால், "தம்பி, வாங்கியதை எறியாதே. சுகமாயிருந்தால் போட்டுக்கொள். ஆனால் நீயே சோதித்துப் பார். நாணயத்தைச் சுண்டி, தலை விழுந்த நாளில் போட்டுக்கொண்டும், பூ விழுந்த நாளில் போடாமலும் ஓடு. ஒவ்வொரு நாளும் நேரத்தைக் குறித்து வை. பத்துப் பத்து நாள் ஆனபின் கணக்குப் பார்" என்றோம். எங்கள் பேச்சை நம்ப வேண்டாம். உங்கள் கடிகாரத்தை நம்புங்கள்.

அண்மை ஆண்டுகளின் காவலர் தேர்வில் ஆண்களுக்கு 1500 மீட்டர், 7 நிமிஷம். 400 மீட்டர் சுற்றுக்கு 1 நிமிஷம் 52 விநாடி வீதம் ஓடினால் சரியாக முடியும். பெண்களுக்கு 400 மீட்டர், 2 நிமிஷம் 30 விநாடி. இதற்கு வேண்டியது சிறுகச் சிறுகக் கூட்டும் பயிற்சி, இடையிலே ஓய்வு நாள், நல்ல தூக்கம், வயிறார உணவு. ஆயிரம் ரூபாய்க்கு எத்தனை முட்டை, எத்தனை படி வேர்க்கடலை வரும் என்று கணக்குப் போடுங்கள். காலுக்குப் பொருத்தமான ஒரு ஜோடி பூட்ஸுக்கு அந்தப் பணம் உதவினாலும் நல்லதே.

ஓடுவது உங்கள் கால். உழைப்பதும் உங்கள் உடம்பு. நாளைக்கு நீங்கள் ஜெயித்தால் அந்தப் பெருமையைச் சாமிக்கும் கொடுக்காதீர்கள், சட்டைக்கும் கொடுக்காதீர்கள். உங்களுக்கும், பாக்கு உரித்து உங்களுக்குச் சோறு போட்ட தாய்மார்களுக்கும் சேர வேண்டியது அது.