பிரித்துப் போட்ட ஜீப்



வைகாசித் திருவிழாவில் காஞ்சி வரதராசப் பெருமாளின் தேர் வீதியில் அசைந்து வருவதை நீங்கள் கண்டிருக்கலாம். தேரை இழுப்போர் பலர், நிறுத்துவோர் சிலர். சக்கரத்தின் அருகே குனிந்து முட்டுக்கட்டை இடும் அச்சிலரை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. நான் இன்று பேச வந்தது தேரைப் பற்றியன்று, ஜீப்பைப் பற்றி. இருப்பினும் முட்டுக்கட்டையில் தொடங்கியதற்குக் காரணம் உண்டு. அதைப் பிறகு கூறுகிறேன்.

இரண்டாம் உலகப் போரின்போது, 1941 முதல் 1945 வரை, அமெரிக்காவில் வில்லிஸ், ஃபோர்டு என்னும் இரு நிறுவனங்களும் ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து குவித்தன. 1947இல் மகிந்திரா நிறுவனத்தார் பம்பாயில் வில்லிஸ் ஜீப்பைப் பூட்டி விற்கத் தொடங்கினர். 1952 அக்டோபர் 2ஆம் நாள் சமுதாய வளர்ச்சித் திட்டம் பிறந்தபின், ஜீப் வந்தது என்றாலே ஊருக்கு அதிகாரி வந்தார் என்று பொருளாயிற்று. பாலாற்று மணலிலும் ஏரிக்கரைச் சேற்றிலும் நான்கு சக்கரங்களாலும் உந்திச் செல்லும் அவ்வண்டி, மாட்டு வண்டிக்கு அடுத்தபடியாக நம் நாட்டுப்புறப் பாதைகளை நன்கு அறிந்த வண்டி எனலாம்.

அத்தகைய பழைய ஜீப் ஒன்றினை நானும் ஓர் உறவினரும் சில ஆண்டுகளுக்கு முன் புதுப்பிக்க முற்பட்டோம். எங்கள் பட்டறை மெக்கானிக் முதல் நாளே ஒரு சொல் சொன்னார்: "தம்பி, எஞ்சினை இறக்கும் கூலிதான் பெரிது, இறக்கிய பிறகு மாற்றும் பொருளின் விலை சிறிது." நெசவாளர் வீட்டில் பிறந்த எனக்கு அது புதிதாகப் படவில்லை. பாவு முடிந்த நாளில்தான் விழுதையும் அச்சையும் செம்மை செய்துகொள்வார் தந்தை. புதுப் பாவு தறியேறிய பிறகு கை வைப்பது எளிதா?

எஞ்சின் வெளியே இருக்கும்போது கிளட்ச் தட்டு பாதி தேய்ந்திருந்தாலும் மாற்றிவிடுவதே முறை. அதனோடு ரிலீஸ் பேரிங்கையும், கிராங்க் தண்டின் பின்புற ஆயில் சீலையும் மாற்ற வேண்டும். அந்தச் சீல் கசிந்தால் எண்ணெய் கிளட்ச்சில் படியும். புதுத் தட்டும் வழுக்கும். மீண்டும் எல்லாவற்றையும் கழற்ற வேண்டியதுதான்.

நீர்ச் சுற்றையும் மறக்கலாகாது. ரேடியேட்டரை மட்டும் கழுவி வைத்துவிட்டு எஞ்சின் பிளாக்கினை விட்டுவிடுவோர் பலர். பிளாக்கின் பக்கவாட்டில் வட்டமான தகட்டு மூடிகள் உண்டு. அவற்றைத் தட்டி எடுத்தபோது உள்ளே ஏரி வண்டல்போலச் செந்நிறச் சேறு கட்டியிருந்தது. கத்திரி வெயிலில் கொதித்துப்போகும் வண்டிகள் பலவற்றின் நோய்மூலம் அதுவே.

மின்சுற்றில் சிறிது கணக்கு இருக்கிறது. பள்ளி மாணவரும் போட்டுப் பார்க்கலாம். பழைய வில்லிஸ் வண்டிகள் 6 வோல்ட்டில் இயங்கியவை. 60 வாட் ஆற்றலுக்கு 6 வோல்ட்டில் 10 ஆம்பியர் ஓட வேண்டும். 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் போதும். ஓட்டம் பாதியானால், அதே கம்பியில் வெப்பமாய் வீணாவது நான்கில் ஒரு பங்காகும். ஆகவே பலர் 12 வோல்ட்டுக்கு மாற்றுகின்றனர். மாற்றுவோர் பல்புகள், இக்னிஷன் காயில், ஹார்ன் முதலியவற்றையும் உடன் மாற்ற வேண்டும். துணி சுற்றிய பழைய கம்பிகளை அகற்றி, ஒவ்வொரு சுற்றுக்கும் தனித்தனி ஃபியூஸ் வைப்பதும் நன்று. ஓட்டுநர் இருக்கைக்கு அடியிலேயே பெட்ரோல் டாங்கு அமைந்த வண்டி இது என்பதை எண்ணிப் பாருங்கள்!

பெட்ரோலும் பழைய பெட்ரோலன்று. 2023 முதல் நம் நாட்டில் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. எத்தனால் பழைய ரப்பரை ஊறவைத்துக் கெடுக்கும். ஆகவே பெட்ரோல் குழாய்களையும் பம்பின் உள்ளிருக்கும் டயாஃபிரத்தையும் எத்தனாலைத் தாங்கும் வகையில் மாற்றுவது இன்று இன்றியமையாதது.

இனி முட்டுக்கட்டைக்கு வருகிறேன். ஜீப்பின் பிரேக் மிதியை அழுத்தினால் ஒரே மாஸ்டர் சிலிண்டரிலிருந்து ஒரே சுற்றாக நான்கு சக்கரங்களுக்கும் எண்ணெய் அழுத்தம் செல்லும். எங்கேனும் ஓரிடத்தில் குழாய் வெடித்தால் நான்கும் போயின. நாங்கள் வீல் சிலிண்டர்களையெல்லாம் புதிதாக்கினோம். சேஸிஸிலிருந்து பின் அச்சுக்குச் செல்லும் ஒரு சாண் ரப்பர்க் குழாயை மட்டும் விட்டுவிட்டோம். பார்வைக்கு அது நன்றாகவே இருந்தது. மாற்றச் சொன்ன மெக்கானிக்கிடம் வேண்டாமென்று மறுத்தவன் நான்தான்.

தென்னேரிக் கரையின் சரிவில் இறங்கியபோது மிதி தரைவரை போயிற்று. கீழே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த சிறுவன் ஒருவன் வண்டியைப் பார்த்துச் சிரித்துக் கையசைத்தான். கத்தக்கூட எனக்கு நா எழவில்லை. என் உறவினர்தாம் கைப்பிரேக்கை இழுத்தார். ஜீப்பில் அது எண்ணெயை நம்பாமல், பின் அச்சுக்குச் செல்லும் சுழல்தண்டினைப் பற்றி நிறுத்துவது. வண்டி சிறுவனுக்குப் பத்தடி மேலே நின்றது.

அன்று மாலையே இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டருக்குச் சொல்லி அனுப்பினோம். இதில் முன்சக்கரங்களுக்கு ஒரு சுற்று, பின்சக்கரங்களுக்கு ஒரு சுற்று. ஒன்று கெட்டாலும் மற்றது நிறுத்தும். அமெரிக்காவில் 1968 முதல் பயணக் கார்களுக்கு இதைக் கட்டாயமாக்கினர். பிரேக் எண்ணெயைப் பற்றியும் ஒரு சொல்: அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவது. டாட் 3 வகை எண்ணெயின் கொதிநிலை, புதிதாயின் 205 பாகை செல்சியசுக்குக் குறையாது. ஈரம் ஏறியபின் 140 பாகை வரை இறங்கக்கூடும். கொதித்தால் குழாயில் ஆவி நிறையும். ஆவி அமுங்குமேயன்றி அழுத்தத்தைக் கடத்தாது. ஆதலின் இரண்டாண்டுக்கொருமுறை மாற்றுவது நன்று.

"பழமையைக் காப்பதாகச் சொல்லிவிட்டுப் புதுமையைப் புகுத்தலாமோ?" என்று சிலர் வினவுவர். திருவாரூர் ஆழித்தேரைப் பாருங்கள். திருச்சி பாரத மிகுமின் நிறுவனத்தார் அதற்கு இரும்புச் சக்கரங்களும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்தளித்தனர். அதனால் தேரின் அழகு குறைந்ததா? குறையவில்லை என்பதே என் கருத்து. ஆனால் டீசல் எஞ்சினை மாட்டுவதும், அகன்ற டயர்களைப் பூட்டி வண்டியை உயர்த்துவதும் வேறு. மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019இல் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்தியது. ஐம்பதாண்டு கடந்த வண்டிகளைப் பழம்பெரும் வண்டிகளாகப் பதிவு செய்ய 2021இல் வந்த விதியும் மூல வடிவம் சிதையாதிருக்க வேண்டுமென்கிறது. எனவே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிந்த பிறகே கருவியைக் கையில் எடுங்கள். கழற்றிய மூலப் பொருள்களைப் பெயரெழுதிப் பெட்டியில் வையுங்கள்.

எங்கள் பெட்டியில் அந்த ஒரு சாண் ரப்பர்க் குழாயும் இருக்கிறது. நேராகப் பிடித்தால் இன்றும் நல்ல குழாயாகவே தோன்றும். சற்றே வளைத்தால்தான் வெடிப்பு தெரியும்.