ஒரே வசனம், ரெண்டு வாசிப்பு

டிசம்பர் வந்தா சர்ச்ல அடிக்கடி கேட்கிற ஒரு வசனம், ஏசாயா 7:14. ஒரு கன்னிகை மகனைப் பெறுவாள், அவன் பேர் இம்மானுவேல். கேட்டதும் இயேசு பிறப்புதான் ஞாபகம் வரும். ஆனா அந்த அதிகாரத்தை முதல்ல இருந்து வாசிச்சா வேற ஒரு கதை இருக்கு.

கி.மு. 735 வாக்குல யூதாவின் ராஜா ஆகாஸ் நடுங்கிப்போய் இருக்கார். சீரியாவும் வட இஸ்ரவேலும் கூட்டு சேர்ந்து எருசலேம் மேல படையெடுத்து வர்றாங்க. ஏசாயா ஒரு அடையாளம் சொல்றார்: ஒரு குழந்தை பிறக்கும், அதுக்கு நல்லது கெட்டது தெரியறதுக்குள்ள அந்த ரெண்டு ராஜாக்களோட தேசமும் வெறிச்சோடிப் போயிடும். அதாவது, சில வருஷத்துல நடக்கப்போற விஷயம். கி.மு. 732ல அசீரியா தமஸ்குவைப் பிடிச்சது.

அப்போ 'கன்னிகை' எங்கிருந்து வந்தது? எபிரேயத்துல இருக்கிற சொல் 'அல்மா', இளம்பெண்னு அர்த்தம். இயேசுவுக்கு முன்னாடியே யூதர்கள் செஞ்ச கிரேக்க மொழிபெயர்ப்புல அது 'பார்தெனோஸ்' ஆச்சு. அதுல கன்னிங்கிற அர்த்தம் தூக்கல். மத்தேயு அந்த கிரேக்கச் சொல்லைத்தான் எடுத்துக்கிட்டார். இதுல யாரும் யாரையும் ஏமாத்தல.

பிரச்சினை அதுக்கப்புறம்தான். 2ஆம் நூற்றாண்டுல ஜஸ்டின்ங்கிற கிறிஸ்தவ அறிஞர், யூத போதகர்கள் வேதத்துல சில பகுதிகளை நீக்கிட்டாங்கன்னே குற்றம் சாட்டினார். 13ஆம் நூற்றாண்டு ஸ்ட்ராஸ்பர்க் பேராலயத்துல யூத மதத்தை ஒரு பெண் சிலையா வடிச்சிருக்காங்க. கண்ணைக் கட்டி! தங்களோட புத்தகத்தையே வாசிக்கத் தெரியாத குருடர்கள்னு அர்த்தம். ஒரு விளக்கம், ஒரு ஜனத்தையே அவமானப்படுத்துற அளவுக்குப் போயிடுச்சு.

எங்க வேலையில இது தினமும் நடக்கும். அஞ்சாவது வெர்ஷனைப் பார்த்துட்டு முதல் வெர்ஷன் கோடை வாசிச்சா, எழுதினவர் அப்பவே இதைத்தான் நினைச்சார்னு தோணும். அவர் அன்னைக்கு இருந்த ஒரு பிரச்சினையைத் தீர்த்திருப்பார், அவ்வளவுதான்.

2001ல வாடிகனின் விவிலிய ஆணையம், யூதர்களோட வாசிப்பும் சாத்தியமான ஒரு வாசிப்புதான்னு எழுதிச்சு. ஆயிரத்து எண்ணூறு வருஷத்துக்கும் மேல ஆச்சு.

உங்க நம்பிக்கையை விடுங்கன்னு நான் சொல்லல. இம்மானுவேல்ல இயேசுவைப் பாருங்க, தாராளமா. கூடவே பயந்து நின்ன ஆகாஸையும் பாருங்க. அவரை மட்டும் பார்க்கிறவங்களைக் குருடர்னு சொல்லாதீங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.